உம்மு ஸலமா நாயகியின் வாழ்க்கையைப் பெண்கள் மஜ்லிஸில் எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

குன்னூர் மதரஸா ஆசிரியை

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் பள்ளிவாசலை ஒட்டிய மதரஸாவில் ஞாயிற்றுக்கிழமை லுஹர் தொழுகைக்குப் பின் பெண்களுக்கென ஒரு சிறு மஜ்லிஸ் நடத்தி வருகிறோம். வருகிறவர்களில் பலர் வாரம் முழுவதும் தேயிலைத் தோட்டத்திலும் பேக்டரியிலும் வேலை பார்ப்பவர்கள். மூடுபனி இறங்குமுன் வண்டிச்சோலைக்கும் எடப்பள்ளிக்கும் பஸ் பிடிக்க வேண்டியவர்கள். எனவே நீண்ட பயானுக்கு அங்கே இடமில்லை. கதீஜா நாயகி, ஆயிஷா நாயகி, ஃபாத்திமா நாயகி ஆகியோரைப் பற்றிப் பேசி முடித்துவிட்டோம். அடுத்து நபி (ஸல்) அவர்களின் மனைவியரில் ஒருவரான உம்மு ஸலமா (ரலி) அவர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று பெண்களே கேட்டிருக்கிறார்கள்.

என் கையில் இருக்கும் சிறு நூல்கள் எல்லாம் இரண்டே நிகழ்ச்சிகளைச் சொல்லி நின்றுவிடுகின்றன. ஒன்று, கணவரையும் பிள்ளையையும் பிரிந்து ஓராண்டு அழுதது; மற்றொன்று, மக்காவுக்கு அருகிலுள்ள ஹுதைபிய்யாவில் உடன்படிக்கை ஏற்பட்ட நாளில் நபி (ஸல்) அவர்களுக்குச் சொன்ன ஆலோசனை. முதலாவதில் அவர் பரிதாபத்துக்குரியவராகத் தெரிகிறார், இரண்டாவதில் திடீரென்று பெரிய மதியூகியாகத் தெரிகிறார். இவை இரண்டும் ஒரே பெண்ணின் வாழ்க்கை என்று கேட்பவர்களுக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது? ஓராண்டு அழுதார் என்பது பின்னாளில் யாரோ மிகைப்படுத்திச் சேர்த்ததா என்பதும் எனக்குத் தெளிவாக வேண்டும். அவர் மறைந்த ஆண்டும் நூலுக்கு நூல் ஹிஜ்ரி 59, 61, 62 என்று மாறுகிறது. அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

அரவங்காடு ஓய்வாளர்

வ அலைக்குமுஸ் ஸலாம், சகோதரி. அழுகைக்கு முன்னால் அவருடைய வீட்டிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் கருத்து. அவர் யாருடைய மகள், எந்தக் குலத்தவர் என்று தெரியாமல் அந்த ஓராண்டைச் சொன்னால், ஆதரவற்ற ஒரு பெண்ணின் கதையாக அது சுருங்கிவிடும்.

அவருடைய இயற்பெயர் ஹிந்த். தந்தை அபூ உமைய்யா, மக்காவின் குறைஷிகளில் மிகுந்த செல்வாக்குள்ள மக்ஸூம் குலத்தின் பெரியவர். அவரோடு பயணம் போகிறவர்கள் கட்டுச்சோறு எடுத்துச் செல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் அவரே உணவளிப்பார் என்பதால் அதையே அவருக்குப் பட்டப்பெயராக்கி அழைத்தார்கள். கஅபாவைப் புதுப்பித்துக் கட்டியபோது ஹஜருல் அஸ்வத் கல்லை எடுத்து வைக்கும் உரிமை யாருக்கு என்று குலங்கள் வாளெடுக்கும் நிலைக்குப் போயின. இந்த வாயில் வழியாக முதலில் உள்ளே வருபவரின் தீர்ப்பை ஏற்போம் என்று அப்போது யோசனை சொன்னவர் இந்த அபூ உமைய்யாதான் என்று நபி வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். அப்படி முதலில் வந்தவர், அன்று சுமார் 35 வயதிலிருந்த முஹம்மது (ஸல்) அவர்கள். ஊர் இரண்டாகப் பிளக்கும் நேரத்தில் ஒரே வாக்கியத்தில் வழி சொன்ன அந்த மனிதரின் மகள்தான் பின்னர் ஹுதைபிய்யாவில் பேசியவர். நீங்கள் தேடும் தொடர்பு இங்கேயே இருக்கிறது.

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். அபூ ஜஹ்லும் காலித் பின் வலீதும் அவருக்குச் சிறிய தந்தை, பெரிய தந்தை வழிச் சகோதரர்கள். இஸ்லாத்தை வேரறுக்க நின்றவர்களின் வீட்டுப் பெண்ணாக இருந்துகொண்டே, தொடக்க நாட்களிலேயே கணவர் அபூ ஸலமாவோடு ஈமான் கொண்டவர் அவர்.

அதன் பிறகு இருவரும் ஹபஷாவுக்கு (எத்தியோப்பியப் பகுதி) ஹிஜ்ரத் செய்தார்கள், அதாவது ஊரை விட்டுப் புலம்பெயர்ந்தார்கள். அந்நாட்டின் நஜ்ஜாஷி மன்னரின் அவையில் ஜஅஃபர் (ரலி) ஆற்றிய உரை, குறைஷித் தூதர்கள் தோல் பொருட்களைக் காணிக்கையாகக் கொண்டு வந்தது, மர்யம் அத்தியாயம் ஓதப்பட்டபோது மன்னர் அழுதது என்று நாம் கேட்டு வளர்ந்த அந்த முழு வரலாறும் உம்மு ஸலமா அவர்களின் வாயிலாகவே நமக்கு வந்திருக்கிறது. மன்னருக்கு எதிராக ஒருவன் கிளர்ச்சி செய்தபோது அங்கே புகலிடம் தேடிய முஹாஜிர்கள் பட்ட கலக்கத்தையும் அவரே விவரிக்கிறார்: நைல் நதியின் அக்கரையில் போர் நடக்கிறது, முடிவை அறிந்து வர இளைஞரான ஸுபைர் முன்வருகிறார், ஒரு தோல் துருத்தியை ஊதி அவர் மார்பில் கட்டிவிட, அவர் அதன் மேல் மிதந்தபடி நீந்திப் போகிறார், திரும்பி வரும்போது மன்னர் வென்றுவிட்டார் என்று துணியை வீசிக் காட்டிக்கொண்டே ஓடி வருகிறார். இவ்வளவு நுணுக்கமாக நினைவில் வைத்துச் சொன்னவரை அழுகையோடு மட்டும் அடையாளப்படுத்துவது நியாயமில்லை. (ஹபஷாவின் தலைநகரான அக்சூம் கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் உள்ள மேட்டுநிலம், நம் ஊட்டியைவிடச் சற்றே தாழ்வு. மக்காவின் வெயிலில் பிறந்தவர்கள் புகலிடம் தேடிப் போனது ஒரு மலைநாட்டுக்கு என்பதை நம் பெண்களிடம் சொல்லலாம்.)

இனி அந்த ஓராண்டு. அது மிகையன்று, அவரே தம் வாயால் ஓராண்டு, அல்லது ஓராண்டுக்கு நெருக்கமாக என்றுதான் சொல்லியிருக்கிறார். மதீனாவுக்குப் புறப்பட்டபோது அவருடைய குலத்தார் வந்து, நீ எங்கே வேண்டுமானாலும் போ, எங்கள் பெண்ணை அனுப்ப மாட்டோம் என்று அபூ ஸலமாவிடமிருந்து ஒட்டகத்தின் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டார்கள். உடனே அபூ ஸலமாவின் குலத்தார் கொதித்தெழுந்து, அப்படியானால் எங்கள் பிள்ளையை உங்களிடம் விட மாட்டோம் என்று சிறுவன் ஸலமாவை இழுத்தார்கள். இரு தரப்பும் இழுத்ததில் குழந்தையின் கை மூட்டு பிசகிவிட்டது. கணவர் மதீனாவில், பிள்ளை மாமனார் வீட்டாரிடம், தாம் பிறந்த வீட்டில் என்று ஒரே நாளில் குடும்பம் மூன்றாகச் சிதறியது. அன்றிலிருந்து தினமும் காலையில் மக்காவின் அப்தஹ் பள்ளத்தாக்குக்குப் போய் மாலைவரை உட்கார்ந்து அழுதார்.

அதை நான் வெறும் அழுகையாகப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் அடைந்து கிடந்து அழாமல், ஊரார் போகவர இருக்கும் திறந்த வெளியில் உட்கார்ந்து அழுதார். கடைசியில் அவருடைய குலத்தைச் சேர்ந்த உறவினர் ஒருவர் அந்த நிலையைப் பார்த்துவிட்டுத்தான், இந்த ஏழைப் பெண்ணை ஏன் இப்படி வைத்திருக்கிறீர்கள் என்று பெரியவர்களிடம் பேசினார். அனுமதி கிடைத்தது, பிள்ளையும் திரும்ப வந்தான்.

கூடலூர்க்காரி

ஸலாம். ஓய்வாளர் அண்ணன் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் குலப்பெருமையிலிருந்து தொடங்கினால், தோட்டத்தில் கொழுந்து எடுத்துவிட்டு வந்து உட்காரும் பெண்ணுக்கு அது எட்டாத மாளிகையாகத் தோன்றும். நானாக இருந்தால் அவர் கேட்ட கேள்விகளிலிருந்து தொடங்குவேன். அவர் வாழ்க்கை முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தவர். அவர் கேட்டதனால் கிடைத்த பதில்களை வைத்துத்தான் இன்று நாம் குளிக்கிறோம், தொழுகிறோம், பிள்ளை வளர்க்கிறோம்.

ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஒரு ஹதீஸைப் பாருங்கள். அல்லாஹ்வின் தூதரே, நான் சடையை இறுகப் பின்னுகிறவள், கடமையான குளிப்புக்காக அதை அவிழ்க்க வேண்டுமா என்று கேட்கிறார். வேண்டியதில்லை, மூன்று கையளவு நீரைத் தலையில் ஊற்றிப் பிறகு உடல் முழுவதும் ஊற்றிக்கொண்டால் போதும் என்று நபி (ஸல்) அவர்கள் பதில் சொல்கிறார்கள். தை மாதத்தில் புல்வெளி எல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்போது, விடியற்காலையில் நீண்ட கூந்தலை நனைத்துவிட்டு வேலைக்கு ஓட வேண்டிய பெண்ணுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும். எங்கள் பக்கம் மதரஸாவில் பெண்கள் வெட்கத்தோடு காதருகே வந்து கேட்பதும் இதையேதான். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே முஃமின்களின் தாய் (நபியின் மனைவியர்க்கு வழங்கும் சிறப்புப் பெயர்) ஒருவர் இதை வெட்கப்படாமல் கேட்டுவிட்டார் என்று சொன்னால் அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்கலாம். ஒரு சிறு எச்சரிக்கை: மயிர்க்கால்களுக்கு நீர் சேர்ந்தால் பின்னலை அவிழ்க்க வேண்டாம் என்பது ஹனஃபி மத்ஹபின் (சட்டப்பள்ளியின்) நிலைப்பாடு, பின்னலின் உள்ளே நீர் புகாவிட்டால் அவிழ்த்தே ஆக வேண்டும் என்பது ஷாஃபிஈ நிலைப்பாடு. ஷாஃபிஈ வழியைப் பின்பற்றும், மலபாரிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் உங்கள் மஜ்லிஸில் இருந்தால் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அடுத்த கேள்வி இதைவிடப் பெரியது. ஹிஜ்ரத்தைப் பற்றிச் சொல்லும்போது அல்லாஹ் பெண்களைக் குறிப்பிடக் காணோமே என்று கேட்டார். ஆணாயினும் பெண்ணாயினும் உங்களில் எவருடைய செயலையும் வீணாக்க மாட்டேன் என்னும் ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 195ஆம் வசனம் இறங்கியது. அந்த ஹிஜ்ரத்துக்காக அவர் என்ன விலை கொடுத்தார் என்று மேலே படித்தோம். கேட்கும் உரிமை அவரைவிட யாருக்கு உண்டு? குர்ஆனில் ஆண்களைப் போலப் பெண்கள் ஏன் குறிப்பிடப்படவில்லை என்று வேறொரு முறை கேட்டதாகவும், அதன் பின் அஹ்ஸாப் அத்தியாயத்தின் 35ஆம் வசனம் இறங்கியதாகவும் அறிவிப்பு இருக்கிறது. முஸ்லிமான ஆண்கள், முஸ்லிமான பெண்கள் என்று தொடங்கிப் பத்துப் பண்புகளை இருபாலருக்கும் இணையிணையாகச் சொல்லும் வசனம் அது. இதே கேள்வியை அன்சாரிப் பெண்ணான உம்மு உமாரா கேட்டதாகத் திர்மிதி ஹதீஸ் தொகுப்பில் இருப்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நேர்மை.

எனக்கு மிகவும் பிடித்த காட்சி ஒன்று உண்டு. ஒரு நாள் பணிப்பெண் அவருக்குத் தலைவாரிக்கொண்டிருக்கிறாள். மஸ்ஜிதில் மிம்பரிலிருந்து நபி (ஸல்) அவர்கள் "மக்களே!" என்று அழைக்கும் குரல் அறைக்குள் கேட்கிறது. கையை எடு, தள்ளிக்கொள் என்கிறார் உம்மு ஸலமா. அழைத்தது ஆண்களை, பெண்களை அழைக்கவில்லையே என்கிறாள் அந்தப் பெண். நானும் மக்களில் ஒருத்திதான் என்று பதில் சொல்லிவிட்டு, பாதி வாரிய தலையோடு காதைத் தீட்டிக்கொண்டு அந்த உரையைக் கேட்கிறார். மறுமையில் ஹவ்ளுல் கவ்ஸர் தடாகத்தைப் பற்றிய அந்த உரையை அவரே அறிவிக்கிறார். ஹுதைபிய்யாவை விட்டுவிட்டாலும் பரவாயில்லை, இதை விட்டுவிடாதீர்கள்.

ஊட்டி வாசகன்

அக்கா, ஹுதைபிய்யாவை விடச் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. அதை வழக்கமாகச் சொல்லும் முறைதான் குறையுடையது.

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு துல்கஃதா மாதம். சுமார் 1,400 பேர் இஹ்ராம் (புனிதப் பயணத்துக்கான உடையும் கட்டுப்பாடும்) கட்டி, பலிப்பிராணிகளோடு உம்ரா என்னும் சிறு புனிதப் பயணத்துக்கு வந்திருக்கிறார்கள். கஅபா எட்டும் தூரத்தில் இருக்கும்போது, இந்த ஆண்டு திரும்பிப் போய்விட வேண்டும் என்று ஒப்பந்தமாகிறது. மக்காவிலிருந்து தப்பி வருகிறவரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை. எழுதி முடிக்குமுன்பே, குறைஷிகளின் பேச்சாளர் சுஹைலின் மகன் அபூ ஜந்தல் கால் விலங்கோடு தவழ்ந்து வந்து விழுகிறார், அவரையும் திருப்பி அனுப்ப வேண்டியதாகிறது. இவ்வளவையும் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்ற தோழர்களிடம், எழுந்து குர்பானி கொடுங்கள், தலையை மழித்துக்கொள்ளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை சொல்லியும் ஒருவரும் எழவில்லை. அன்று கூடாரத்தில் உடன் இருந்தவர் உம்மு ஸலமா. யாரிடமும் ஒரு வார்த்தையும் பேசாதீர்கள்; வெளியே சென்று உங்கள் ஒட்டகத்தை அறுத்துவிட்டு, நாவிதரை அழைத்துத் தலைமுடியை மழித்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்கிறார். அப்படியே செய்தார்கள். அதைக் கண்டதும் எல்லோரும் எழுந்து அறுத்தார்கள். ஒருவருக்கொருவர் தலைமழித்துவிட்டபோது துயரத்தின் வேகத்தில் ஒருவரை ஒருவர் கொன்றுவிடுவார்களோ என்னும் அளவுக்கு இருந்தது என்று புகாரி ஹதீஸ் தொகுப்பில் வருகிறது.

தோழர்கள் கட்டளையை மறுத்துவிட்டார்கள், ஒரு பெண் சமாதானம் செய்து வைத்தார் என்று சொல்வது இந்த இடத்தைக் கொச்சைப்படுத்துவதாகும். இந்த முடிவை மாற்றி வஹீ (இறைச்செய்தி) ஏதும் வராதா என்ற நப்பாசையில்தான் அவர்கள் தயங்கினார்கள் என்றும், நபியே இஹ்ராமைக் களைந்துவிட்டதைப் பார்த்தபோது இனி மாற்றமில்லை என்று புரிந்துகொண்டார்கள் என்றும் புகாரிக்கு விரிவுரை எழுதிய இப்னு ஹஜர் விளக்குகிறார். உம்மு ஸலமா அறிந்திருந்தது அந்த மனநிலையைத்தான். நான்காம் முறையாகச் சொன்னாலும் பயன் இராது, பேச்சு நின்று செயல் தொடங்கினால்தான் நம்பிக்கையின் அந்தக் கடைசி இழை அறும் என்பது அவர் கணிப்பு.

ஒரு பெண் கருத்துச் சொல்லி அது சரியாக அமைந்ததற்கு உம்மு ஸலமாவைத் தவிர வேறு எடுத்துக்காட்டு இல்லை என்று இமாமுல் ஹரமைன் ஜுவைனி எழுதினாராம். மூஸா நபியைப் பணிக்கு அமர்த்தச் சொன்ன ஷுஐபின் மகளை மறந்துவிட்டீரே என்று பின்னால் வந்தவர்கள் அவரைத் திருத்தினார்கள். இவ்விரண்டையும் இப்னு ஹஜர் பதிவு செய்திருக்கிறார். மேடையில் ஜுவைனியின் வாக்கியத்தை மட்டும் பாராட்டுப் போலச் சொல்லிப் போகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். அது உம்மு ஸலமாவுக்குப் பாராட்டு, மற்றப் பெண்கள் அனைவருக்கும் அவமதிப்பு. தயவுசெய்து திருத்தத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

குன்னூர் மதரஸா ஆசிரியை

அல்லாஹ் உங்கள் அனைவருக்கும் நற்கூலி தருவானாக. ஹிஜ்ரத்தின் வழிப்பயணத்தையும் மறுமணத்தையும் யாரும் தொடவில்லை. கணவரை இழந்து பிள்ளைகளோடு தனித்து நிற்கும் பெண்கள் சிலர் எங்கள் மஜ்லிஸில் இருக்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் இந்தப் பகுதியைப் புண்படாமல் சொல்ல வேண்டும்.

அரவங்காடு ஓய்வாளர்

வழிப்பயணத்தை உஸ்மான் பின் தல்ஹாவின் பெயரைச் சொல்லாமல் கடக்கக் கூடாது, சகோதரி. மக்காவிலிருந்து மதீனா ஏறத்தாழ 450 கிலோமீட்டர். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, அல்லாஹ்வைத் தவிர வேறு துணையின்றி ஒட்டகத்தில் புறப்பட்டார். மக்காவின் எல்லையான தன்ஈமில் எதிர்ப்பட்ட உஸ்மான், அபூ உமைய்யாவின் மகளே, எங்கே போகிறாய் என்று கேட்டறிந்து, உன்னைத் தனியே விடுவதற்கில்லை என்று ஒட்டகத்தின் கயிற்றைக் கையில் பிடித்தார். அன்று அவர் முஸ்லிம் அல்லர். ஒவ்வொரு தங்குமிடத்திலும் ஒட்டகத்தை மண்டியிட வைத்துவிட்டு விலகி நிற்பார். இவர் இறங்கியதும் சுமையை இறக்கி, ஒட்டகத்தை மரத்தில் கட்டிவிட்டு, வேறொரு மரத்தடிக்குப் போய்ப் படுத்துக்கொள்வார். புறப்படும் நேரத்தில் சேணமிட்டுக் கொண்டுவந்து நிறுத்தி, ஏறிக்கொள் என்று சொல்லிவிட்டு மறுபடியும் விலகுவார். குபாவின் குடியிருப்புகள் கண்ணில் பட்டதும், உன் கணவர் இந்த ஊரில்தான் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு மக்காவுக்குத் திரும்பி நடந்தார். அவரைவிடக் கண்ணியமான வழித்துணையை நான் கண்டதில்லை என்று உம்மு ஸலமா பிற்காலத்திலும் சொல்லிக்கொண்டிருந்தார். உஸ்மான் ஹிஜ்ரி 8இல் காலித் பின் வலீதோடு வந்து இஸ்லாத்தை ஏற்றார். மக்கா வெற்றியின்போது கஅபாவின் சாவி அவரிடமே திருப்பித் தரப்பட்டது.

கூடலூர்க்காரி

மறுமணத்தைப் பற்றி நான் சொல்கிறேன். உஹது போரில் பட்ட காயம் மீண்டும் வெடித்து ஹிஜ்ரி 4இல் அபூ ஸலமா இறந்தார். துன்பம் நேர்ந்தவர், இன்னாலில்லாஹி சொல்லி, இறைவா, என் துன்பத்துக்கு நற்கூலி தந்து, இழந்ததைவிடச் சிறந்ததை எனக்கு ஈடாகத் தருவாயாக என்று கேட்க வேண்டும் என்னும் துஆவை அவர் அறிந்திருந்தார். ஆனால் ஓதும்போது, அபூ ஸலமாவைவிடச் சிறந்தவர் யார் இருக்க முடியும் என்ற எண்ணம் வந்தது என்று மறைக்காமல் சொல்கிறார். இதை உங்கள் பெண்களிடம் அப்படியே சொல்லுங்கள். துக்கத்தில் அப்படி நினைப்பது ஈமானுக்குக் குறைவு அல்ல என்று அவர்கள் அறியட்டும்.

இத்தா (கணவர் இறந்தபின் காத்திருக்கும் காலம்) முடிந்தபின் அபூபக்ரும் உமரும் பெண் கேட்டார்கள், மறுத்துவிட்டார். நபி (ஸல்) அவர்கள் கேட்டபோதுகூட உடனே தலையசைக்கவில்லை. நான் ரோஷக்காரி, வயதாகிவிட்டது, பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று மூன்று தடைகளைச் சொன்னார். ரோஷத்தை அல்லாஹ் நீக்குவான், வயதில் நான் உன்னிலும் மூத்தவன், உன் பிள்ளைகள் என் பிள்ளைகள் என்று பதில் வந்தது. ஷவ்வால் மாதம் திருமணம். அவர் புகுந்தது, சில மாதங்களுக்கு முன் மறைந்த ஸைனப் பின்த் குஸைமா நாயகியின் அறை. அங்கே ஒரு சாடியில் கொஞ்சம் வாற்கோதுமையும், ஒரு திரிகையும், ஒரு சட்டியும், சிறிது கொழுப்பும் இருந்தன. மணப்பெண்ணே அன்றிரவு திரிகையைச் சுற்றி மாவரைத்துக் களி கிண்டினார். அவருடைய கைக்குழந்தையின் பெயரும் ஸைனப்; அவள் இன்னும் பால்குடி மறக்கவில்லை. அபூ ஸலமாவுக்குப் பிறந்த மகன், சிறுவன் உமர், உணவுத் தட்டில் கையை அங்குமிங்கும் ஓட்டியபோது, மகனே, பிஸ்மில்லாஹ் சொல், வலக்கையால் உண், உனக்கு அருகில் இருப்பதை உண் என்று கற்றுக்கொடுத்தது இந்த வீட்டில்தான். நம் பிள்ளைகளுக்கு நாம் முதலில் கற்றுத்தரும் ஒழுக்கம், தந்தையை இழந்த ஒரு பிள்ளைக்குச் சொல்லப்பட்டது என்பதை அந்தத் தாய்மார்கள் கேட்க வேண்டும்.

அபூ ஸலமாவின் பிள்ளைகளுக்குச் செலவிடுவதில் எனக்கு நன்மை உண்டா, அவர்கள் என் பிள்ளைகளும்தானே, எப்படியும் நான் கைவிடப் போவதில்லையே என்றும் அவர் கேட்டிருக்கிறார். நீ செலவிடுவதற்கு உனக்குக் கூலி உண்டு என்பது பதில். இதுவும் புகாரியில் இருக்கிறது. தினக்கூலியில் பள்ளிக் கட்டணம் கட்டும் தாய்க்கு இதைவிட நேரான ஹதீஸ் எனக்குத் தெரியவில்லை.

ஊட்டி வாசகன்

மறைந்த ஆண்டைப் பற்றிய கேள்வி பாக்கியிருக்கிறது. ஹிஜ்ரி 59 என்பது பழைய வரலாற்றாசிரியர் வாகிதீ சொன்னது. அபூஹுரைரா (ரலி) ஜனாஸா (இறுதி) தொழுகை நடத்தினார் என்ற செய்தி அதனோடு இணைந்து வருகிறது. ஆனால் பூமிக்குள் புதையுண்டு போகும் என்று நபி (ஸல்) அவர்கள் முன்னறிவித்த படையைப் பற்றி உம்மு ஸலமாவிடம் இருவர் சென்று கேட்டதாக ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. அது இப்னு ஸுபைரின் (முன்பு சொன்ன ஸுபைரின் மகன்) காலத்தில் நடந்தது என்று அந்த அறிவிப்பே சொல்கிறது. அந்தக் காலம் ஹிஜ்ரி 60இல் கலீஃபா முஆவியா மறைந்த பிறகே தொடங்குகிறது. ஹுஸைன் (ரலி) கர்பலாவில் கொல்லப்பட்ட செய்தியை உம்மு ஸலமா கேட்டுத் துயருற்றார் என்னும் அறிவிப்புகளும் ஹிஜ்ரி 61க்கே நம்மை இட்டுச் செல்கின்றன. எனவே 61 அல்லது 62 என்பதே என் பார்வையில் வலுவானது. முஃமின்களின் தாய்மார்களில் கடைசியாக மறைந்தவர் அவரே. அப்போது வயது சுமார் 84. அடக்கம் மதீனாவின் ஜன்னத்துல் பகீ அடக்கத்தலத்தில். மஜ்லிஸில், ஹிஜ்ரி 60ஐ ஒட்டிய ஆண்டுகளில் என்று சொன்னால் போதும். யாராவது நூலைக் காட்டிக் கேட்டால் மேலே உள்ள ஹதீஸை எடுத்துக் காட்டுங்கள்.

குன்னூர் மதரஸா ஆசிரியை

ஜஸாக்குமுல்லாஹு கைரன். கூடலூர் அக்கா சொன்னபடி சடைக் கேள்வியில் தொடங்கி, தலைவாரும் காட்சிக்குப் போய், அங்கிருந்து ஹிஜ்ரத்துக்குப் பின்னோக்கிச் செல்வதென்று முடிவு செய்திருக்கிறேன். அபூ உமைய்யாவின் யோசனையை ஹுதைபிய்யாவுக்குச் சற்று முன்னால் வைத்துக்கொள்கிறேன். முக்கால் மணி நேரத்தில் இவ்வளவும் அடங்காது என்பதால், மறுமணமும் பிள்ளைகளும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு.